சிறிய பெந்தெகொஸ்தே சபை ஒன்றைத் தொடங்கினால் ஆரம்ப வருடங்கள் எப்படி இருக்கும்?

உங்கள் அண்ணன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வாடகைக்கு ஹால் பிடித்து சபை ஆரம்பிக்கப்போகிறார். அண்ணிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள். இன்றும் அதே சபையில்தான் இருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சபை 1998-ல் திருப்பூரில், ஒரு லைன் வீட்டின் முன்னறையில் ஆரம்பித்தது. அது எங்கள் வீடுதான். எனக்கு அப்போது 11 வயது. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடி மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவர். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்று, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, 'ஊழியத்துக்கு அழைப்பு இருக்கிறது' என்று சொல்ல ஆரம்பித்தார். ஊரில் தாத்தா ஒரு வருடம் அவரோடு பேசவில்லை.

முதல் ஞாயிறு ஏழு பேர். நாங்கள் நாலு பேர், ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒரு அண்ணன், அவர் மனைவி, பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு அம்மா. காலையில் கட்டிலைத் தூக்கி வெளியே சந்தில் நிமிர்த்தி வைப்போம். பாய் விரிப்போம். அடுப்பை மறைக்க அம்மாவின் பழைய புடவையைத் திரையாகக் கட்டுவோம். கட்டிங் வேஸ்ட் துணியில் அம்மா தைத்த காணிக்கைப் பை ஒன்று உண்டு. அன்று அதில் 43 ரூபாய் விழுந்தது. அப்பா அதை இரண்டு தடவை எண்ணினார்.

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம். அதனால் எக்ஸ்போர்ட் ஆர்டர் இருக்கிறதா இல்லையா என்பது ஞாயிற்றுக்கிழமை காணிக்கையிலேயே தெரிந்துவிடும். ஆர்டர் நெருக்கடியாக இருந்தால் ஞாயிறும் கம்பெனி ஓடும். பணம் இருக்கும், ஆள் இருக்காது. ஆர்டர் இல்லாவிட்டால் ஆள் நிறைய வரும், பை இளைத்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாடகை கட்ட வேண்டும்.

2000-ல் அப்பா வேலையை விட்டார். ஒரு கடைக்கு மேலே மாடி ஹால் கிடைத்தது. அட்வான்ஸ் 25,000 ரூபாய். ஞானஸ்நானம் எடுத்தபோது, பெந்தெகொஸ்தே வழக்கப்படி, அம்மா நகைகளைக் கழற்றி வைத்திருந்தார். ஏழு பவுன். அதுதான் அட்வான்ஸ் ஆனது. சாட்சி நேரத்தில் 'கர்த்தர் அற்புதமாக ஹாலைக் கொடுத்தார்' என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் கர்த்தர் அதை யார் கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த ஹாலில் ஒரு வருடம்தான் இருந்தோம். ஒரு ஞாயிறு காலை போனபோது ஷட்டரில் எங்கள் பூட்டுக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு பூட்டு தொங்கியது. பித்தளைப் பூட்டு, விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. வீட்டு ஓனர் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. "ஏனுங்க பாஸ்டரு, சாமி கும்பிடறது தப்புன்னு நான் சொல்லலைங்க. சத்தந்தானுங்க. பின்னாடி வீட்டுக்காரரு நைட் ஷிப்டு முடிச்சுட்டு வந்து படுக்கறாருங்க. தினமும் எங்கிட்டத்தான் வந்து சண்டை போடறாருங்க" என்றார். அப்பா பதில் பேசவில்லை. 40 பேரும் மாடிப்படியில் உட்கார்ந்தோம், படிக்கு இரண்டு பேராக. கைதட்டாமல், மெல்லிய குரலில் பாடினோம்.

அன்று அப்பா பிரசங்கத்தில் வில்லியம் சீமோர் என்ற அமெரிக்கப் போதகரைப் பற்றிச் சொன்னார். அதன்பிறகு நாங்கள் இடம் மாறிய ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார். சீமோர் லூசியானாவில் 1870-ல், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்த கறுப்பர். ஹூஸ்டனில் பைபிள் வகுப்புக்குப் போனபோது நிறவெறிச் சட்டத்தால் உள்ளே உட்கார விடவில்லை. நடையில் உட்கார்ந்து திறந்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சிறிய சபை அவரைப் போதகராக அழைத்தது. அவர் போதனை பிடிக்காமல் சில நாளிலேயே அதே சபை கதவைப் பூட்டிவிட்டது. தெரிந்தவர்கள் வீட்டில் ஜெபம் நடத்தினார். பிறகு போனி பிரே தெருவில் ஆஸ்பெரி குடும்பத்தின் வீட்டுக்கு மாறினார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதி அங்கே அந்நியபாஷை வரம், அதாவது கற்காத மொழியில் ஆவியால் பேசும் வரம், வந்தது. கூட்டம் தாங்காமல் வீட்டு முன்திண்ணையே இடிந்து விழுந்ததாகச் சொல்வார்கள். அதன்பிறகுதான் அசுசா தெரு 312-ஆம் எண் கட்டடம். ஒரு காலத்தில் ஆலயமாக இருந்து, பிறகு குதிரை லாயமாகக் கிடந்தது. ஆணிப் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு பெஞ்சு. செருப்புப் பெட்டிகளை அடுக்கி பிரசங்க மேடை. உலகம் முழுவதும் பரவிய பெந்தெகொஸ்தே எழுப்புதலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்பியது.

"சீமோர் ஐயாவுக்கும் பூட்டுதான் கிடைச்சது. நமக்குப் படிக்கட்டாவது இருக்கு" என்றார் அப்பா. படியில் இருந்தவர்கள் அழுதார்கள்.

ஆனால் ஓனர் சொன்னதில் நியாயம் இருந்தது. முந்தின வருடம், 2000 ஆகஸ்டில்தான், சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபை சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது: மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்தும் மேளம் அடித்தும் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று. அப்பா பேப்பரில் வந்த அந்தச் செய்தியை வெட்டி பைபிளுக்குள் வைத்திருந்தார். செய்தியை வைத்திருந்தாரே தவிர மைக்கை நிறுத்தவில்லை. பூட்டு விழுந்த பிறகுதான் நிறுத்தினார். டிரம்மை விற்றோம். டேம்பரின் மட்டும் வைத்துக்கொண்டோம். உங்கள் அண்ணனிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள்: 30 பேர் உட்காரும் அறைக்கு மைக் தேவையே இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் அளவு. முழு இரவு ஜெபம் வைப்பவர்கள் அதை மனதில் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அவர்களுக்காக எப்படி ஜெபிப்பது?

இனி அம்மா. அப்பா வேலையை விட்ட மறு வாரமே அம்மா செக்கிங் வேலைக்குப் போனார். திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு என்பார்கள். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டு ஆகும். நின்றுகொண்டே பீஸ் பார்க்கும் வேலை. சனிக்கிழமை இரவு சம்பளக் கவரோடு வருவார். அரிசி டின் மூடியைத் திருப்பி வைத்து, அதில் நோட்டுகளை மூன்றாகப் பிரிப்பார்: வீட்டு வாடகை, ஜெப இடத்து வாடகை, சாப்பாடு. மூன்றாவது பங்கிலிருந்து எடுத்து இரண்டாவதில் வைப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு, மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் விசுவாசிகளுக்காகப் பருப்பு ஊறப்போடுவார். பத்து வருடம் இப்படி. சபையில் அவரை 'பாஸ்டரம்மா' என்பார்கள். ஒரு ஞாயிறுகூட அவர் முன்னால் நின்று பேசியதில்லை.

சட்டக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாணம் நடத்தி வைக்க இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872-ன்படி உரிமம் வேண்டும். அப்பாவிடம் பல வருடம் அது இல்லாததால் எங்கள் சபைப் பிள்ளைகளின் கல்யாணங்களுக்கு உரிமம் உள்ள வேறு பாஸ்டர்தான் வந்தார். கட்டடம் கட்டுவதானால் பஞ்சாயத்துப் பகுதியில் ஜெப வீட்டுக்குக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்று அப்போதிருந்த 1997-ஆம் வருட விதிகளே சொல்லியிருந்தன. நாங்கள் ஒரு விசுவாசி கொடுத்த இடத்தில் வீடு என்று அனுமதி வாங்கி ஷெட் போட்டு ஜெபம் நடத்தினோம். புகார் போனது, சீல் வைத்தார்கள். அது எங்கள் தவறு. 'எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்று சொன்னவர்கள் யாரும் அன்று வரவில்லை.

ஞானஸ்நானம் கொடுக்கவும் இடம் இல்லை. நொய்யல் ஆறு ஊருக்கு நடுவிலேயே ஓடுகிறது, ஆனால் அந்த வருடங்களில் சாயக்கழிவு கலந்து ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். அதில் மனிதரை மூழ்க வைக்க முடியுமா? பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளுக்காகக் காத்திருந்து, வேன் பிடித்துப் போவோம். இழுப்பு அதிகம் என்பதால் இரண்டு அண்ணன்மார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் 2003-ல் அந்தத் தண்ணீரில்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். மூழ்கி எழுந்தபோது முதலில் கண்ணில் பட்டது கரையில் துண்டோடு நின்ற அம்மா.

எல்லாவற்றையும்விட எங்களை உலுக்கியது ஒரு சாவு. முதல் ஞாயிறு வந்த ஏழு பேரில் ஒருவரான அந்தப் பக்கத்து வீட்டு அம்மா 2006-ல் இறந்தார். எங்கே புதைப்பது? நாங்கள் யாரும் அதுவரை யோசிக்கவில்லை. பழைய சபைகளின் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சபைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் இடம். பொதுமயானத்தில், 'உங்க ஆளுகளுக்கு இங்கே பழக்கமில்லை' என்றார்கள். உடல் ஐஸ் பெட்டியில், எங்கள் முன்னறையில், அவர் முதல் ஞாயிறு பாயில் உட்கார்ந்து பாடிய அதே இடத்தில் இருந்தது. அப்பா இரவெல்லாம் சைக்கிளில் ஒவ்வொரு பாஸ்டர் வீடாகப் போனார். விடியற்காலை நாலரை மணிக்கு, சொந்தக் கல்லறை இடம் வைத்திருந்த ஒரு பெரிய பெந்தெகொஸ்தே சபையார் ஆறடி தருகிறோம் என்றார்கள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பிறகு எங்களைப் போன்ற சிறிய சபைகள் சில சேர்ந்து மாதம் கொஞ்சம் போட்டு ஊருக்கு வெளியே பொதுவாக ஒரு கல்லறை இடம் வாங்கினோம். சபை ஆரம்பிப்பவர்கள் பேனரில் என்ன பெயர் போடலாம் என்று பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும்.

பிரிவும் வரும். அப்பா மகனைப்போல வளர்த்த ஒரு தம்பி 2009-ல் ஒன்பது குடும்பங்களோடு தனியாகப் போனார். தவணையில் வாங்கிய கீபோர்டும் போனது. தவணை மட்டும் எங்களிடம் இருந்தது. சீமோருக்கும் இது நடந்தது. அவர் சபை நடத்திய பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வாசகர்களின் முகவரிப் பட்டியலோடு போர்ட்லாண்டுக்குப் போனபின் வாசகர்களோடு இருந்த தொடர்பே அறுந்துபோனது. அப்பா அந்தத் தம்பிக்காக இன்றும் பெயர் சொல்லி ஜெபிக்கிறார். எனக்கு அது வர நாலைந்து வருடம் ஆயிற்று.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலுக்கு அது நல்லது. நாங்களும் அந்த ஆற்றைப் பார்த்தவர்கள்தானே. ஆனால் வேலை போனவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். தென்காசி, மதுரை, சிவகங்கை என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குடும்பத்தை முன்னால் நிறுத்தி ஜெபித்து அனுப்பினோம். 60 பேர் இருந்த சபை அந்த மே மாதம் 22 ஆனது. அப்பா மறுபடி கட்டிங் டேபிளுக்குப் போனார். 'ஊழியக்காரர் வேலைக்குப் போகலாமா' என்று சிலர் முணுமுணுத்தார்கள். பைபிளில் அப்போஸ்தலன் பவுலே பிழைப்புக்குக் கூடாரம் தைத்தாரே என்று அப்பா சொல்லவில்லை, அம்மா சொன்னார். சபையில் அவர் குரல் உயர்த்திப் பேசியது அன்று ஒரு நாள்தான், அதுவும் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

சீமோர் 1922-ல் இறந்தபோது அசுசா தெருவில் ஒரு சின்னக் கூட்டம்தான் மிச்சம் இருந்தது. 1931-ல் கட்டடம் கைவிட்டுப் போகும்வரை அந்தச் சபையை நடத்தியவர் அவர் மனைவி ஜென்னி. அப்பா பிரசங்கத்தில் இந்தப் பகுதி வந்ததே இல்லை. நான் படித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா, பாவம், அந்தம்மாவுக்குப் பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டார்.

இப்போது எங்களுக்கு முறையாக அனுமதி பெற்ற ஒரு தகர ஷெட் இருக்கிறது. 70 பேர் வரை வருகிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் சிலரும் பின்வரிசையில் உட்கார்ந்து, மொழி புரியாமலேயே பாடுகிறார்கள்.

உங்கள் அண்ணனுக்கு அழைப்பு இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்ல முடியாது. வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அந்த முன்னறை இல்லாவிட்டால் எனக்கு விசுவாசமே இருந்திருக்காது. அண்ணியிடம் யாராவது கேட்டீர்களா என்பது மட்டும் உங்கள் கேள்வியில் இல்லை. அண்ணன் இல்லாத நேரத்தில் கேளுங்கள். சம்பளம் யார் கொண்டுவருவது, எத்தனை வருடம், வீட்டில் எந்த அறையில் கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கும் என்று. அவர் சம்மதித்தால் அந்தச் சம்மதத்தைச் சபைக்கு முன்னால் அண்ணன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

திருப்பூர் பக்கம் வந்தால் அண்ணியை அழைத்துக்கொண்டு வாருங்கள். அம்மாவோடு பேசட்டும். ஞாயிறு என்றால் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். பருப்பு எப்போதும் கூடுதலாகத்தான் ஊறியிருக்கும்.