பதிவை அழித்துவிட்டேன், போனையும் ரீசெட் செய்யலாமா?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் போட்ட சிமெண்ட் ரோடு மூன்றே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. கான்ட்ராக்டர் பெயரைக் குறிப்பிட்டு, "ரோட்டில் 4 லட்சத்தைத் தின்றுவிட்டார், அதிகாரிகள் எம்-புக்கைப் (வேலை அளவுப் பதிவேடு) பார்த்து விசாரிக்க வேண்டும்" என்று போட்டோவுடன் முகநூலிலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு போன் செய்து, "செல்போனை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். பயந்துபோய் இரண்டு இடத்திலும் பதிவை நீக்கிவிட்டேன். போனையும் ரீசெட் செய்துவிடலாமா? கான்ட்ராக்டர் மன்னிப்பு வீடியோ கேட்கிறார். 66ஏ பிரிவைத்தான் ரத்து செய்துவிட்டார்களே, உண்மையைச் சொன்னது குற்றமா? அவர் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பத்து வருடப் பகை. ஏட்டு அவருக்கு உறவு. மனித உரிமை ஆணையத்துக்குப் போகட்டுமா?
– வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: பத்து வருடப் பகையையும் ஏட்டின் உறவுமுறையையும் ஓரமாக வையுங்கள். அந்தப் பகையை நீங்களாக எந்த மனுவிலும் எழுதாதீர்கள். நல்லெண்ணத்தோடு எழுதவில்லை, வஞ்சம் தீர்த்திருக்கிறீர்கள் என்று காட்ட எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும்.

இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய ஐ.டி. சட்டத்தின் 66ஏ செத்தது உண்மை. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடித்தது. ஆனால் அவதூறு சாகவில்லை. குற்றவியல் அவதூறு செல்லும் என்று 2016இல் அதே நீதிமன்றம் சொன்னது. இப்போது அது பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.யின் இடத்தில் வந்த தண்டனைச் சட்டம்) 356. தண்டனை 2 வருடம் வரை.

உங்கள் வழக்கில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான். பதிவில் ஓர் ஆளின் பெயரும் ஒரு தொகையும் இருக்கின்றன. அந்த 4 லட்சத்துக்குத் தாள் இருக்கிறதா? ரோடு பெயர்ந்ததற்கு போட்டோ இருக்கிறது. பணத்தைத் தின்றார் என்பதற்கு? "உண்மையைச் சொன்னேன்" என்பது தற்காப்புதான், ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நலனுக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். இதே வாசகத்தை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனுவாகக் கொடுத்திருந்தால், நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் என்ற விதிவிலக்கில் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அவதூறில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். ஆகவே இப்போது இருப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். மனுவாகத்தான் (எஃப்.ஐ.ஆர். போடாமல் ஸ்டேஷன் பதிவேட்டில் ஏற்றிய புகார்) இருக்கும். பதிவில் கெட்ட வார்த்தையோ சாதிப் பெயரோ இருந்தால் கதை வேறு. 296(பி) (ஆபாச வார்த்தை), 196 (பிரிவினரிடையே பகை மூட்டுதல்), வன்கொடுமைச் சட்டம் என்று போலீஸ் நேரடியாகப் பதியக்கூடிய பிரிவுகள் வந்துவிடும். நீங்கள் அனுப்பிய வாசகத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்து மறைத்திருந்தால் உங்கள் வக்கீலிடமாவது சொல்லிவிடுங்கள்.

இனி ஆபத்துக்கு வருவோம். இந்த மாதிரி வழக்குகளில் மாட்டுகிறவர்களைக் கவிழ்ப்பது முதல் பதிவு அல்ல, போன் வந்த பிறகு பதற்றத்தில் செய்கிற மூன்று காரியங்கள்.

முதலாவதை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். நீங்கள் அழித்தது உங்கள் பிரதியை மட்டும்தான். அவரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும், அதுவும் "தின்றுவிட்டார்" என்ற வரியோடு வெட்டியது. "எம்-புக்கைப் பார்த்து விசாரிக்க வேண்டும்" என்ற கடைசி வரியும் பெயர்ந்த ரோட்டின் போட்டோவும் அதில் இருக்காது. உங்கள் பொது நலன் தற்காப்பே அந்த வரியில்தான் நிற்கிறது. முகநூலில் ஆக்டிவிட்டி லாக் போய் டிராஷைப் பாருங்கள். அதற்குள் போட்டிருந்தால் 30 நாள் வரை கிடக்கும். தேதி தெரியும்படி முழுப் பதிவையும் படம் எடுங்கள், மீண்டும் பொதுவில் விடாதீர்கள். குழுவில் யாராவது முழுச் செய்தியையும் படம் பிடித்து வைத்திருந்தால் வாங்கி வையுங்கள். போனை ரீசெட் செய்யவே செய்யாதீர்கள். நாளை எஃப்.ஐ.ஆர். வந்தால், சாட்சியாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழித்தார் என்று பி.என்.எஸ். 241ஐயும் சேர்க்கப் பார்ப்பார்கள். அதற்கு 3 வருடம் வரை. அவதூறைவிடப் பெரிய பிரிவைக் காசு கொடுக்காமல் வாங்கிக்கொள்வானேன்?

இரண்டாவது, மன்னிப்பு வீடியோ. கூடவே கூடாது. மன்னிப்புக் கேட்டால் வழக்கு முடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் எஸ்.வி. சேகர் வழக்கைப் பார்க்கலாம். 2018இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு முகநூல் பதிவைப் பகிர்ந்தார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது, உச்ச நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் 1 மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. உங்கள் வீடியோவில் "நான்தான் எழுதினேன், பொய்யாக எழுதினேன்" என்று இருக்கும். அதற்குப் பிறகு அவருக்கு வேறு சாட்சியே தேவையில்லை. கிரிமினல் புகார் கொடுக்க அவருக்கு 3 வருடம் அவகாசம், நஷ்டஈட்டு சிவில் வழக்குக்கு 1 வருடம். வீடியோவை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக வருவார்.

மூன்றாவது, "ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு மிரட்டுகிறார்கள்" என்று இன்னொரு பதிவு. விளக்கம் வேண்டாம், போடாதீர்கள்.

ஸ்டேஷனுக்குப் போங்கள், வக்கீலோடு போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வாய்வார்த்தையாகக் கூப்பிடுவது நோட்டீஸ் ஆகாது. எஃப்.ஐ.ஆர். இருந்தால் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)இன்படி நோட்டீஸ் தர வேண்டும். அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையாக நோட்டீஸ் வந்துவிட்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாதீர்கள், ஆஜராகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். போனைக் கைப்பற்றினால் ஐ.எம்.இ.ஐ. எண் எழுதிய மகஜரின் (கைப்பற்றியதற்கான எழுத்துப் பதிவு) நகலைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற நல்ல பிள்ளைத்தனம் வேண்டாம்.

4 லட்சத்துக்குத் தாள் இல்லையென்றால் சி.எஸ்.ஆர். நிலையிலேயே சமரசம் செய்துகொள்ளுங்கள். ஸ்டேஷனில் "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். அங்கே எழுத்தர் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள், வாசகத்தை வீட்டிலேயே தயார் செய்து கொண்டுபோங்கள்: "மேற்படி பதிவால் மனுதாரருக்கு மனவருத்தம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறேன். பதிவு நீக்கப்பட்டுவிட்டது." "பொய்" என்ற சொல் எங்கும் வரக் கூடாது. "சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டேன்" என்று அவரும் அதே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்தில்லாத தாள் சமரசம் அல்ல, உங்கள் ஒப்புதல் வாக்குமூலம். தேதி போட்ட நகல் ஒன்று கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

ரோட்டை விட வேண்டியதில்லை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம்) மனு போட்டு, வேலை உத்தரவு, மதிப்பீடு, எம்-புக் நகல் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் பார்க்கவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆளைப் பற்றிய விவரம் எதையும் கேட்காதீர்கள். 2025 நவம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு "தனிப்பட்ட தகவல்" என்று ஒரே வரியில் மறுத்துவிடுவது அலுவலகங்களுக்குச் சுலபமாகிவிட்டது. பதில் தர அவர்களுக்கு 30 நாள்.

மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவத்திலிருந்து 1 வருடத்துக்குள் போகலாம். இப்போது போனால் சமரசப் பேச்சுதான் கெடும்.