ஐரோப்பாவில் இளைஞர் வேலையின்மை நாட்டுக்கு நாடு ஏன் இவ்வளவு மாறுகிறது?

2013இல் ஸ்பெயினில் 50 வீதத்துக்கு மேல், ஜேர்மனியில் 10 கூட இல்லை. இந்த வீதம், 15–24 வயதில் வேலை செய்கிறவர்களையும் தேடுகிறவர்களையும் கூட்டி, அதில் தேடுகிறவர்கள் எவ்வளவு என்று பார்ப்பது. மட்டக்களப்பு–கல்முனை பஸ்ஸில் சீட் கிடைக்காமல் நிற்கிறவர்களை எண்ணுகிற மாதிரிதான், வீட்டில் ஏ.எல். படிக்கிற பிள்ளை அந்த பஸ்ஸிலேயே இல்லை.

சரி, வித்தியாசம் ஏன்? ஜேர்மனியில் 17 வயதுப் பெடியன் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்குப் போவான், மிச்ச நாள் கராஜிலோ பேக்கரியிலோ சம்பளத்தோடு பயிற்சி, அதுவும் வேலை என்றே கணக்கு. ஸ்பெயினில் அப்போது இளசுகளுக்குப் பெரும்பாலும் தற்காலிக ஒப்பந்தம்தான் இருந்தது, 2008க்குப் பிறகு கட்டட வேலை சரிந்ததும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் அவர்கள்தான்.

50 வீதம் என்றால் பாதி இளைஞர் சும்மா இருக்கிறார்கள் என்றில்லை: 100 பேரில் 60 பேர் படித்துக்கொண்டிருந்தால், மிச்சம் 40இல் 20 பேருக்குத்தான் வேலை இல்லை.