நியூரோபிளாஸ்டோமா: லேப் ரிப்போர்ட் பற்றிக் கேளுங்கள்

லேபில் உட்கார்ந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான். கீமோ, ஆபரேஷன் பற்றிய கேள்விகளைக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

கவிதா: என் பையனுக்கு இரண்டு வயது. வயிற்றில் கட்டி என்கிறார்கள். அதற்குச் சிறுநீர் எதற்கு சார்?

நியூரோபிளாஸ்டோமா என்கிற இந்தக் குழந்தைப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கிளம்பும். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றைத் தானாக இயக்கும் சிம்பதெடிக் நரம்பாக வளர வேண்டிய இளம் செல்கள் தடம் மாறி வருவது. அவை டோபமின், நார்அட்ரினலின் என்ற நரம்பு ரசாயனங்களைத் தயாரிக்கும். டோபமின் சிதைந்தால் ஹெச்.வி.ஏ., நார்அட்ரினலின் சிதைந்தால் வி.எம்.ஏ.; இரண்டும் சிறுநீரில் இறங்கிவிடும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இவை கூடியிருக்கும். அதே வயதில், அதே வயிற்றில் வரும் வில்ம்ஸ் என்ற சிறுநீரகப் புற்றுக்கட்டியில் இவை கூடுவதில்லை. கத்தி வைக்காமலே இவ்வளவு தெரிகிறது.

ஆனால் வெறும் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சிறுநீரில் எப்போதும் இறங்கும் கழிவான கிரியாட்டினினால் வகுத்த விகிதமா, பக்கத்தில் அச்சடித்திருப்பது உங்கள் பிள்ளையின் வயதுக்கான அளவா என்று பாருங்கள்.

முருகன்: 24 மணி நேரமும் பிடிக்க வேண்டுமா? பையன் டயப்பரில் இருக்கிறான்.

வேண்டாம். விகிதமாகப் பார்த்தால் ஒரு வேளைச் சிறுநீர் போதும். லேபில் பாட்டிலுக்குள் ஆசிட் ஊற்றிக் கொடுத்தால் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஷர்மிளா: சோதனைக்கு முன் வாழைப்பழம் கொடுக்கலாமா?

பழைய நிறமாற்றச் சோதனைகள்தான் பழத்தில் ஏமாறும். இப்போதைய முறைகளில் அந்தக் கவலை குறைவு. கொடுக்கும் மருந்துகளின் பட்டியலை மட்டும் லேபில் சொல்லிவிடுங்கள்.

தேவி: பாப்பாவுக்கு வி.எம்.ஏ. 18. கேன்சரா?

வயது? அலகு? கிரியாட்டினின்?

ஜோசப்: ரத்தத்தில் எல்.டி.ஹெச்., ஃபெரிட்டின் இரண்டும் அதிகம்.

நோய் உறுதியான பிறகு அதன் வீரியத்தை எடைபோட உதவும். நோயைக் கண்டுபிடிக்க உதவாது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலே எல்.டி.ஹெச். ஏறும், என்.எஸ்.இ. என்ற இன்னொரு ரத்த அளவும் ஏறும்.

ரஹீம்: சிறுநீரிலேயே தெரிந்துவிட்டதே, எலும்பு மஜ்ஜைச் சோதனையும் பயாப்ஸியும் எதற்கு?

நல்ல கேள்வி. சிறுநீர் சந்தேகத்தை வலுப்படுத்தும், அவ்வளவுதான். மஜ்ஜையில் கட்டிச் செல்கள் ஐயமில்லாமல் தெரிந்து, சிறுநீரும் கூடியிருந்தால் நோய் உறுதி. நோய் மஜ்ஜையில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், அதனால் இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் எடுப்பார்கள். கட்டித் துண்டு கிடைத்தால் எம்.ஒய்.சி.என். மரபணு அளவுக்கு மீறிப் பல நகல்களாகப் பெருகியிருக்கிறதா என்று ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையில் பார்க்கலாம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு கட்டியில் அது பெருகியிருக்கும். அப்படியானால் சிகிச்சையின் கடுமையே மாறிவிடும்.

பாலாஜி: இவ்வளவு சுலபமான சோதனையை எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் செய்துவிட்டால் என்ன?

ஜப்பான் செய்தது. 1985 முதல் நாடு முழுக்க, ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரை வடிதாளில் நனைத்துத் தபாலில் வாங்கிச் சோதித்தார்கள். நோய் என்று சொல்லப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் 2002இல் வந்தன: சாவு குறையவில்லை. 2004இல் ஜப்பான் கைவிட்டது.

பாலாஜி: ஒரு குழந்தை பிழைத்தாலும் லாபம்தானே சார்?

அந்த ஒன்றைத்தான் ஆய்வுகளில் காணோம் தம்பி! கைக்குழந்தைகளில் இந்தக் கட்டி பல சமயம் தானாகவே கரைந்துவிடும். சோதனை பிடித்தது பெரும்பாலும் அவற்றைத்தான். கொல்லக்கூடியவை ஆறு மாதத்தில் வலையில் சிக்காமல் பிற்பாடு வந்தன.

ரஹீம்: தானாகக் கரைவதைக் கத்தி வைத்து எடுத்தார்கள் என்கிறீர்களா?

நிறையப் பேருக்கு. சிலருக்குக் கீமோவும். அப்புறம் அறிகுறியே இல்லாத பிள்ளைகளின் கட்டியை எடுக்காமல் கவனித்துப் பார்த்தார்கள், பல கட்டிகள் சுருங்கின.

பாலாஜி: அப்போ கண்டுபிடிக்காமல் விடுவதே மேல் என்கிறீர்கள்.

அறிகுறி இல்லாத குழந்தையில், ஆம். கண்ணைச் சுற்றிக் கறுத்தாலோ வயிறு உப்பினாலோ அன்றைக்கே ஓடுங்கள். அது வேறு கணக்கு.

செல்வி: வாழைப்பழம்...

மேலே பாருங்கம்மா.

தேவி: சார், பாப்பாவுக்கு நாலு மாதம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 18 மில்லிகிராம். எதிரே 7க்குள் என்று போட்டிருக்கிறது.

அந்த 7 பெரியவர்களுக்கு. பல லேப் அட்டவணைகளில் ஒரு வயதுக்குள் இருபதைத் தாண்டியும் இயல்பு. ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வயதுக்கான அளவைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பிறகு எதற்காக இந்தச் சோதனையை எழுதினார் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.