அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? டீச்சரிடம் கேட்டவை

பத்து வருடம் தனியார் பள்ளியிலும், அப்புறம் பதினெட்டு வருடம் அரசுப் பள்ளியிலும் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தனியார் பள்ளிகளின் தேர்ச்சி விகிதம்தானே கூடுதலாக இருக்கிறது டீச்சர்? அப்படியென்றால் படிப்பும் அங்கேதானே நன்றாக இருக்கும்?

யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று முதலில் பாருங்கள். சேர்க்கும்போதே தேர்வு வைத்து வடிகட்டி, ஒன்பதாம் வகுப்பில் திணறும் பிள்ளையை “வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு. வாசலுக்கு வந்த எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியோடு அவற்றை எப்படி ஒப்பிடுவது? பல நாடுகளின் 15 வயது மாணவர்கள் எழுதும் பீசா தேர்வில், 2018இல் வாசிப்பில் தனியார் பள்ளிப் பிள்ளைகள்தான் சராசரியாக முந்தினார்கள். குடும்ப வசதியையும் கூடப் படிப்பவர்களின் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் அந்த முன்னிலை போய்விட்டது.

ஆந்திரக் கிராமங்களில் 2008இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நேரடியானது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் போட்டு, சீட்டு விழுந்தவர்களைக் கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால், தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பக்கம் நன்றாக முந்தியிருந்தது. தனியார் பள்ளிகளுக்குச் சார்பான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளி செய்த செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அவை செலவழித்தன.

வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருந்தால் நல்லதா?

தொடக்க வகுப்புகளில் நிச்சயம் நல்லது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய சோதனையில், 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புகள் 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிட நன்றாகச் செய்தன. அதனால் வகுப்புக்கு எத்தனை பேர் என்று எந்தப் பள்ளியிலும் கேளுங்கள். சில அரசுப் பள்ளிகளில்தான் எண்ணிக்கை குறைவாக இருக்கும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அலமாரியில் இருக்கும் கோப்பைகளை விடுங்கள். மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 52இலிருந்து 37ஐக் கழித்து 25 என்று எழுதியிருக்கும். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு ‘சரி’ இருந்தால், அந்த நோட்டை யாரும் படிக்கவில்லை. கடன் கொடுத்த 5, 4 ஆகாமல் நிற்கும் இடத்தை வட்டமிட்டு, கீழே அதே மாதிரி இன்னொரு கணக்குக் கொடுத்து, பிள்ளை அதைச் சரியாகப் போட்டிருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். அப்படிப்பட்ட நோட்டுகளை இரண்டு வகைப் பள்ளிகளிலும் பார்த்திருக்கிறேன், மற்றதையும்தான்.

அப்புறம் கழிப்பறை. தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மகன் அரசுப் பள்ளியில் ஐந்தாவது, நன்றாகப் படிக்கிறான். “அங்கேயா போட்டிருக்கிறீர்கள்?” என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது மனசு சங்கடப்படுகிறது. மாற்றிவிடலாமா?

அதற்காக மாற்றாதீர்கள் அம்மா. கட்டணம் கட்டுவதற்காக இரண்டாவது வேலைக்குப் போய், பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்பும் பெற்றோரை எனக்குத் தெரியும். அன்று என்ன படித்தான் என்று கேட்கக்கூட அவர்களால் முடிவதில்லை. ஆனால் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை, கேட்டும் வரவில்லை என்றால், கையில் வசதியும் இருந்தால், மாற்றத்தான் வேண்டும். ஒரு வருடம் போனால் போனதுதான். இன்று ராத்திரி அவனிடம், புரியாததை டீச்சரிடம் கேட்டாயா, அவர் என்ன சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். “திரும்பச் சொல்லிக்கொடுத்தார்” என்றால் அங்கேயே படிக்கட்டும்.