ஊசித்துளையைப் பார்க்காதீர்கள், லக்கைப் பாருங்கள்

கேள்வி: டெக்சஸில் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். மான் வேட்டைக்காகப் பழைய ரெமிங்டன் 700 ஒன்று வாங்கினேன். .308 வின்செஸ்டர், வால்நட் மர ஸ்டாக் (துப்பாக்கியைத் தாங்கும் கட்டை). குண்டுகள் சிதறி விழுகின்றன என்று துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்து, ஸ்க்ரூ துளைகளில் அலுமினிய பில்லர் (குழாய்) வைத்து எபாக்ஸி பெட்டிங் (இரும்புப் பகுதி ஸ்டாக்கில் அச்சாக உட்காரப் பிசின் வார்ப்பது) செய்து வாங்கினேன். வீட்டில் கழற்றிப் பார்த்தால் எபாக்ஸியில் அங்கங்கே ஊசித்துளைகள், ஓரத்தில் கொஞ்சம் வழிசல். சுட்டதிலும் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. வேலை மோசமா? திருப்பிக் கேட்கலாமா?
— ஹூஸ்டன் வாசகர்

பதில்: இப்போதைக்கு எதுவும் கேட்காதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு குறையும் கண்ணுக்குத் தெரிகிற குறைகள், பெட்டிங் நல்லதா கெட்டதா என்பதை அவை தீர்மானிப்பதில்லை. கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருக்கிற பெட்டிங்கிலும் போல்ட் ஓடும் இரும்பு உடலான ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கலாம். எபாக்ஸி எதற்காக? ஸ்டாக்கோடு பிணைக்கும் ஸ்க்ரூவை முறுக்கும்போது ஆக்‌ஷன் துளியும் வளையாமல், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் உட்கார வேண்டும், சுடும்போது நகரக் கூடாது. அவ்வளவுதான். இதை நீங்களே சோதித்துவிடலாம். முதலில் சேம்பர் (குழலின் பின்முனையில் குண்டு உட்காரும் அறை), மேகசின் இரண்டிலும் குண்டு இல்லை என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

ரீகாயில் லக்கில் ஆரம்பியுங்கள். ரெமிங்டன் 700-இல் குழலுக்கும் ரிசீவருக்கும் (ஆக்‌ஷனின் கூடு) நடுவில் சொருகியிருக்கும் தடித்த இரும்புத் தகடுதான் அது. உதைப்பு முழுவதையும் ஸ்டாக்குக்குக் கடத்துவது அதன் பின்முகம், ஆகவே அந்த முகம் எபாக்ஸியோடு முழுசாக ஒட்டி நிற்க வேண்டும். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பக்கம் ஆகியவற்றில் டேப் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும் (எபாக்ஸி போடும் முன் அந்த இடங்களில் டேப் ஒட்டுவது இதற்காகத்தான்). அடியில் இடைவெளி விடாமல் போனால் ரிசீவர் தன் படுக்கையில் உட்காராமல் லக்கின் நுனியில் ஏறி நிற்கும். லக் முழுக்க லிப்ஸ்டிக்கை மெல்லிசாகத் தடவி, ஆக்‌ஷனை வைத்து ஸ்க்ரூக்களை இறுக்கி, நேராகத் தூக்கிப் பாருங்கள். நிறம் பின்சுவரில் பரவலாக ஒட்டியிருந்தால் நல்ல வேலை. ஒரு மூலையில் மட்டும் பொட்டு மாதிரி ஒட்டியிருந்தாலோ, குழியின் அடியில் பட்டிருந்தாலோ தப்பு. ஊசித்துளை வேறெங்கு இருந்தாலும் பரவாயில்லை. லக்குக்குப் பின்னாலோ முன் ஸ்க்ரூவைச் சுற்றியோ பெரிய பள்ளம் இருந்தால் மட்டும் நிரப்பியாக வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. நுண்ணிய அசைவை முள்ளால் அளந்து காட்டும், காந்த அடி வைத்த டயல் கேஜ் ஒன்று வேண்டும், யாரிடமாவது கடன் வாங்குங்கள். அடியைக் குழலில் பிடிக்க வைத்து, கேஜின் முனை ஸ்டாக்கின் முன்நுனியில் படும்படி அமையுங்கள். இரண்டு ஸ்க்ரூவும் இறுகியிருக்கட்டும், ரைஃபிள் செங்குத்தாக நிற்கட்டும். இப்போது முன் ஸ்க்ரூவை மட்டும் மெதுவாகத் தளர்த்தி முள்ளைக் கவனியுங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் நகர்ந்தால் அருமையான வேலை. ஐந்து, ஆறு என்று ஓடினால் ஸ்க்ரூ ஆக்‌ஷனைப் பிடித்து வளைத்துக்கொண்டிருக்கிறது, பெட்டிங் சரியில்லை, அதற்கு மேல் பேச்சே இல்லை. மறுபடி இறுக்கிவிட்டுப் பின் ஸ்க்ரூவையும் இதேபோல் பாருங்கள். கேஜ் கிடைக்காவிட்டால் குழலும் ஸ்டாக்கின் நுனியும் சந்திக்கிற இடத்தில் இரண்டையும் சேர்த்து விரலால் தொட்டபடி ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். விரலுக்கே அசைவு தெரிந்தால் நிச்சயம் மோசம்.

இதில் மோசம் என்று வந்தாலும் உடனே எபாக்ஸியைக் குற்றம் சொல்ல வேண்டாம், மேகசின் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். ஸ்க்ரூ இறுகிய பிறகும் அது மேலும் கீழும் லேசாக ஆட வேண்டும். ரிசீவருக்கும் அடித்தகடுக்கும் நடுவில் அது நெருக்குப்பட்டால் எவ்வளவு நல்ல பெட்டிங்கிலும் ஆக்‌ஷன் ஒழுங்காக உட்காராது. ஸ்க்ரூக்கள் பில்லரின் உள்சுவரை உரசக் கூடாது, உரசினால் மரைகளில் தேய்ந்த தடம் தெரியும். இதையெல்லாம் பார்த்துக் கொடுப்பதும் கன்ஸ்மித்தின் வேலைதான், என்னைப் பொறுத்தவரை.

குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் ஒரு தாளை விட்டு ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள். சேம்பருக்கு அடியில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தாள் தட்டினால் கவலை வேண்டாம், சிலர் அங்கேயும் வேண்டுமென்றே எபாக்ஸி வைப்பார்கள். அதற்கு முன்னால் எங்குமே தட்டக் கூடாது. உங்கள் ஊர் ஈரத்துக்கு வால்நட் ஊறிப் பருக்கும். அதனால் குழல் ஓடும் பள்ளத்தில் செதுக்கிய மரம் பச்சையாக விடப்பட்டிருக்கிறதா, வார்னிஷோ எண்ணெயோ பூசி அடைத்திருக்கிறாரா என்று அவசியம் பாருங்கள். பச்சையாக இருந்தால், இன்று தாராளமாக ஓடுகிற தாள் ஆகஸ்டில் ஓடாது.

அப்புறம் சுட்டுப் பார்ப்பது. நீங்கள் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் விழுந்த கூட்டம்) சுருங்கியதா என்று மட்டும் பார்த்திருக்கிறீர்கள், அது பாதிதான். பில்லர் இருப்பதால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) வைத்து 65 இன்ச்-பவுண்டுக்கு இறுக்கி, ஒரே ரகக் குண்டில், குழலை ஆறவிட்டு ஆறவிட்டு ஐந்து ஐந்தாகச் சில குரூப் சுடுங்கள். பிறகு ஆக்‌ஷனை முழுக்கக் கழற்றி, திரும்ப மாட்டி, அதே அளவுக்கு இறுக்கி மறுபடி சுடுங்கள். குரூப்பின் மையம் பழைய இடத்திலேயே விழுந்தால் ஆக்‌ஷன் அதே இடத்தில்தான் உட்கார்கிறது, வேலையில் பழுதில்லை. அப்படியும் சிதறல் குறையாவிட்டால் ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கின்றனவா, குழல் வாய் அடிபட்டிருக்கிறதா, வேறு கம்பெனிக் குண்டில் எப்படி வருகிறது என்று தேடுங்கள். மோசமான குழலை எந்த பெட்டிங்கும் நல்லதாக்காது. மான் வேட்டைக்கு 100 கஜத்தில் ஒன்றரை அங்குலக் குரூப் விழுந்தாலே தாராளம்.

ஓரத்து வழிசல் உள்ளே மறைகிற இடமென்றால் விட்டுவிடலாம், வெளியே தெரிகிற மரத்தில் என்றால் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள், காசு வாங்கியவர் செய்து தர வேண்டியதுதான். கேஜில் முள் ஓடினாலோ லக்கின் பின்முகம் ஒட்டாவிட்டாலோ அந்த அளவைக் குறித்துக்கொண்டு, லிப்ஸ்டிக் தடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். "குரூப் வரவில்லை" என்றால் குண்டு, காற்று, கை என்று ஆயிரம் காரணம் சொல்லலாம், "முன் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் ஆயிரத்தில் ஆறு பங்கு எழும்புகிறது" என்றால் நேர்மையான மெக்கானிக் உடனே துப்பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பழைய எபாக்ஸியை மேலாகச் சுரண்டி, மெல்லிய ஒரு பூச்சு கொடுத்து மறுபடி உட்கார வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவர் கையில் கொடுக்கும்வரை நீங்களாக உப்புத்தாள் எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள்.