எம்எக்ஸ்-5க்கு எந்த எஞ்சின்? கோவென்ட்ரியிலிருந்து கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கோவையிலிருந்து இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்கு வந்து பதினான்கு மாதம். நான்கு மாதத்துக்கு முன்னால் இங்கத்திய டிரைவிங் டெஸ்ட் பாஸ். கையோடு 1999ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று (இரண்டு பேர் உட்காரும் துணிக்கூரை ஸ்போர்ட்ஸ் கார்), 1.8 லிட்டர், ஐந்து கியர். முன்பு வைத்திருந்தவர் சஸ்பென்ஷனை மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருக்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, எஞ்சின் ஆயில் குடிக்கிறது. "அக்கா, இதையே பிரித்துக் கட்டுவதா, டர்போ வைப்பதா, ஹோண்டா கே சீரிஸ் இறக்குவதா, ஒரேயடியாக வி8 போய்விடுவதா? இங்கே எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டாமே?" இதுதானே கேள்வி.

என் பதில்: இந்த வருடம் அதே 1.8 எஞ்சின், நன்றாகக் கட்டியது. ஹோண்டா எஞ்சின் நல்ல எஞ்சின்தான், என் எம்எக்ஸ்-5இல் இன்று ஓடுவதே அதுதான். ஆனால் அது உங்கள் மூன்றாவது வருடத்துக்கான வேலை. ஏன் என்று சொல்கிறேன்.

எஞ்சினைத் தேடுவதற்கு முன்னால் புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து புகை வந்து, அப்புறம் அடங்கிவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். இரவெல்லாம் ஆயில் வால்வு வழியாகச் சொட்டி நிற்கும், அது முதலில் எரிந்து போகும். ஹெட்டைக் கழற்றி சீல் மாற்றினால் முடிந்த கதை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் புகை என்றால் பிஸ்டனைச் சுற்றிய ரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும்.

கம்ப்ரஷன் டெஸ்ட் (பிளக் துளையில் கேஜ் வைத்து சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) எடுக்கத் தெரியும் அல்லவா? எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றுங்கள், பெட்ரோல் பம்ப்புக்கும் இக்னிஷனுக்கும் போகும் இணைப்பைப் பிடுங்குங்கள், ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். 2013இல் என் வண்டியில் நான் எடுத்த அளவு இன்னும் நோட்டில் இருக்கிறது: 172, 175, 118, 174 பிஎஸ்ஐ. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுத்தேன், 160க்கு ஏறியது. ஆயில் ஊற்றினால் அளவு ஏறுகிறதென்றால் கசிவு ரிங் பக்கம். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு பக்கம். பீளமேட்டில் அப்பாவின் லேத் பட்டறையில் இதைப் பத்து வயதிலேயே பார்த்திருக்கிறேன். நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை எஞ்சினில் ஊன்றி, எந்தப் பேரிங் பேசுகிறது என்று அப்பா சொல்லிவிடுவார். அந்தக் காது எனக்கு வாய்க்கவில்லை, கேஜ் இருக்கிறது.

அந்த மூன்றாவது சிலிண்டர் ஏன் போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் மைல் ஓடித் தேய்ந்த எஞ்சின் மேல், நிலைமை பார்க்காமல் டர்போ கிட் ஒன்றை ஏற்றினேன். பதினோரு வாரம் சொர்க்கம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏ43 சாலையில் பின்கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே தெரியவில்லை, வெறும் புகை. பிரித்தபோது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து கிடந்தது.

அதற்காக டர்போ கெட்டது என்று சொல்ல மாட்டேன். மாஸ்டா கம்பெனியே 2004, 2005இல் அமெரிக்காவில் இதே 1.8 எஞ்சினுக்கு டர்போ வைத்து 178 குதிரைத்திறனில் விற்றது. இரும்பு பிளாக், உறுதியான பிளாக். கம்பெனி கொடுத்த கனெக்டிங் ராடுதான் இதன் பலவீனம். பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, கூட்டிக்கொண்டே போனால், அதுவும் குறைந்த ஆர்பிஎம்மில் டார்க் (சுழற்று விசை) திடீரென்று ஏறினால், ராடு வளையும். ஆயில் பம்ப்பின் உள் கியரும் உடையும். ஆகவே எஞ்சினைப் பிரிக்கும் அன்றே ஃபோர்ஜ்டு ராடும் (அடித்து உருவாக்கிய உறுதியான ராடு) நல்ல ஆயில் பம்ப் கியரும் போட்டுக் கட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் கூடுதல் செலவு கொஞ்சம்தான், வேலை கூலி ஒன்றேதான். டர்போ வேண்டுமென்றால் இரண்டு வருடம் கழித்து மேலே மாட்டிக்கொள்ளலாம், அடியில் எல்லாம் தயாராக இருக்கும்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பிரேக்கர் யார்டில் 2001க்குப் பிந்தைய விவிடி எஞ்சின் (வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றிக்கொள்வது) கிடைக்கிறதே, அதைப் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம். நானும் 2016இல் அதைத்தான் போட்டேன். உங்கள் பிளாக்கில் சிலிண்டர் சுவர் கீறியிருந்தால் இதுதான் குறுக்கு வழி. காகிதத்தில் இரண்டுமே 140 சொச்சம் குதிரைதான். நடு ஆர்பிஎம்மில் விவிடி இன்னும் வளைந்து கொடுக்கும். ஆனால் உங்கள் 1999 வண்டியின் இசியுவுக்கு, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, விவிடியை இயக்கத் தெரியாது. மெகாஸ்குவர்ட் மாதிரி தனி இசியு வைத்து, ரோலிங் ரோட்டில் (சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும் உருளை மேடை) ஏற்றி டியூன் செய்ய வேண்டும். அந்தச் செலவை மறந்துவிட்டு எஞ்சின் விலையை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

சரி, ஹோண்டா. பழைய ஹோண்டா எஞ்சின்கள் பலவும் மற்ற கார்களுக்கு எதிர்த் திசையில் சுழலும். அவற்றைப் பின்சக்கர ஓட்ட வண்டியில் நீளவாக்கில் வைத்து மாஸ்டா கியர்பாக்ஸோடு சேர்க்க முடியாது. கே சீரிஸ் எல்லோரும் சுழலும் திசையிலேயே சுழலும். இன்று எம்எக்ஸ்-5இல் இத்தனை பேர் கே சீரிஸ் போடுவதன் ஆரம்பம் அதுதான். முழு அலுமினியம், எடையில் உங்கள் இரும்பு பிளாக்கை விடக் கனமாகாது, மூக்குப் பக்கம் பாரம் ஏறாது. இந்த வண்டியின் உயிரே முன்னும் பின்னும் எடை சமமாக நிற்பதில் இருக்கிறது. வளைவில் ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பும் அந்தச் சுகத்தைக் கெடுக்கும் எந்த எஞ்சினையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வி8 பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர், சப்ஃப்ரேம் (எஞ்சினைத் தாங்கும் சட்டம்) எல்லாம் மாற்ற வேண்டும், கடைசியில் கிடைப்பது வேறொரு கார்.

கே20 என்றால் 2001 முதல் 2005 வரை நம் பக்கத்து ஸ்விண்டனில் செய்த சிவிக் டைப் ஆர் காரின் எஞ்சின். 200 குதிரை, எட்டாயிரம் ஆர்பிஎம் பக்கம் போனால்தான் பாட்டு. எல்லோரும் தேடுவதால் விலை ஏறிவிட்டது. கே24 என்பது அக்கார்டில் வந்த 2.4 லிட்டர், 190 குதிரை. தேடுவார் குறைவு, கீழேயே இழுக்கும். சாலையில் ஓட்ட எனக்குக் கே24தான் பிடித்தது. 2021இல் போட்டது, இன்று வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேர்க்க வேண்டியதைக் கேளுங்கள்: அடாப்டர் பிளேட், புது ஆயில் சம்ப், சப்ஃப்ரேம் மாற்றம், ஆறு கியர் பெட்டி (உங்கள் ஐந்து கியர் பெட்டி இந்த டார்க்கை நெடுநாள் தாங்காது), தனி இசியு, ஒயரிங், எக்ஸாஸ்ட். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வாங்கும்போது வலப்பக்க ஸ்டியரிங்குக்குச் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்க அளவுக்குச் செய்தது ஸ்டியரிங் தண்டு போகும் இடத்தில் இடிக்கலாம். எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, எஞ்சினுக்குக் கொடுத்த பணம் என் மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வேலை முடிய ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் வண்டி சொந்தக் கராஜில் நின்றது. உங்களுக்கு வாடகை வீடு. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், வாசலில் வண்டி ரிப்பேர் கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

இனி "எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டாமே" என்றீர்களே, அது. ஊரில் வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைக் காட்டிப் பயமுறுத்தியதையே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே வந்ததும் மூச்சு விட்ட மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எஞ்சின் மாற்றுவது இங்கே குற்றமில்லை. ஆனால் மாற்றியதைச் சொல்லாமல் இருப்பது பெரிய விஷயம்.

முதலில் டிவிஎல்ஏ, அதாவது இங்கத்திய வாகனப் பதிவு அலுவலகம். எஞ்சின் எண்ணோ கொள்ளளவோ மாறினால் லாக்புக்கில் (வண்டியின் பதிவுச் சான்று) திருத்தி அனுப்ப வேண்டும், எஞ்சின் வாங்கிய ரசீது சான்றாகும். பிரேக்கர் யார்டில் ரொக்கம் கொடுத்தாலும் ரசீது இல்லாமல் வராதீர்கள். உங்களுடையது 2001 மார்ச்சுக்கு முன் பதிவான வண்டி என்பதால் சாலை வரி கொள்ளளவைப் பொறுத்தது. 1549 சிசிக்கு மேல் எல்லாம் ஒரே வரிதான், 2.4 போட்டாலும் வரி ஏறாது. எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையின் புகை அளவில் எஞ்சின், வண்டி இரண்டில் எது பழையதோ அதன் காலத்து அளவுகோல்தான், ஆகவே புது எஞ்சினால் அங்கே நஷ்டமில்லை. ஆனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) கழற்றிவிட்டுப் போகாதீர்கள், அது இல்லையென்றாலே ஃபெயில் ஆகும்.

இரண்டாவது இன்ஷூரன்ஸ். உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான். டெஸ்ட் பாஸ் செய்து இரண்டு வருடத்துக்குள் லைசென்ஸில் ஆறு பாயின்ட் (போக்குவரத்துக் குற்றப் புள்ளி) விழுந்தால் இங்கே லைசென்ஸே ரத்து, கற்றுக்குட்டி லைசென்ஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் எத்தனை பாயின்ட் தெரியுமா? அதே ஆறு, கூடவே 300 பவுண்டு அபராதம். எஞ்சின் மாற்றியதை மறைத்தது தெரிந்தால் பாலிசியையே செல்லாததாக்க முடியும். எஞ்சின் மட்டுமல்ல, முந்தைய ஆள் வண்டியைத் தாழ்த்தினாரே, அந்த சஸ்பென்ஷனைச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே போன் செய்யுங்கள்.

போனில் சொன்னது மட்டும் போதாது, எழுத்தில் வாங்குங்கள். நான் விவிடி எஞ்சின் போட்டதும் போனில் விவரமாகச் சொன்னேன். அடுத்த வருடம் புதுப்பித்து வந்த தாளில் "மாற்றங்கள்: இல்லை" என்று இருந்தது, நான் படிக்கவில்லை. ஒரு ரவுண்டபவுட்டில் இன்னொரு வண்டி வந்து என் கதவில் இடித்தது, தப்பு முழுக்க அந்தப் பக்கம். நான்கு மாதம் இழுத்தார்கள். பழைய போன் பதிவைத் தேடி எடுக்க வைத்த பிறகுதான் பணம் வந்தது. அந்த நான்கு மாதமும் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன், பிப்ரவரி இருட்டில்.

உங்கள் வயதுக்கு, ஊர் அனுபவத்தை இங்கே அநேகமாகக் கணக்கில் எடுக்காத நிலையில், கே24 என்று சொன்னால் வரும் பிரீமியத்தைக் கேட்டுப் பாருங்கள். அதே வகை 1.8 எஞ்சின் மறுபடி கட்டியது என்றால் எவ்வளவு என்றும் கேளுங்கள். மாற்றிய வண்டிகளுக்கென்றே இருக்கும் புரோக்கர்களிடம் இரண்டையும் எழுதி வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டிவிட்டால் கணக்கு வேறாகிவிடும். நான் மூன்றாவது வருடம் என்றது அதனால்தான்.

இதெல்லாம் போக, எஞ்சினுக்கு ஒரு பவுண்டு செலவழிக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இந்த மாடலைக் கொல்வது எஞ்சின் இல்லை, துரு. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டிக்கு 'சில்' என்று பெயர், பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் அந்த சில் பகுதியின் கடைசி முழத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். டங் என்றால் இரும்பு, பொத்தென்றால் பெயின்ட். கூரைத் துணியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாய் இலைதழையால் அடைத்துக்கொண்டு தண்ணீர் சில்லுக்குள் நின்று உள்ளிருந்து தின்னும். முன்னால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் ஓடும் சட்டத்தையும் பாருங்கள். இரட்டைத் தகடு, நடுவில் ஈரம் நின்று உப்பியிருந்தால் தெரியும். என்னுடையதில் விரலை வைத்து அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்து விரல் உள்ளே போனது. சட்டம் போயிருந்தால் முதல் பணம் வெல்டருக்கு. கே24 அப்புறம்.

நார்தாம்ப்டனில்தான் இருக்கிறேன், உங்களிடமிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. கம்ப்ரஷன் கேஜ், எஞ்சின் இறக்கும் கிரேன், ஆக்ஸில் ஸ்டாண்டு எல்லாம் கராஜில் சும்மா கிடக்கின்றன. அக்டோபரில் சாலையில் உப்பு தூவ ஆரம்பிப்பார்கள், அதற்குள் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்து மெழுகு அடித்துவிட வேண்டும். நான்கு சிலிண்டர் அளவையும், சில் பகுதியின் போட்டோவையும் முதலில் அனுப்புங்கள். புகை காலையில் மட்டுமா, ஓடும்போதுமா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.