கோத்தகிரியில் வளர்க்கும் முட்டைக்கோழி திடீரென்று நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் தனியாகப் பிரித்து, காய்ந்த வைக்கோல் போட்ட பெட்டியில் விடுங்கள். விழுந்த கோழியை மற்றவை கொத்தியே கொன்றுவிடும். உங்கள் ஊர்க் குளிருக்கு இரவில் பெட்டி வீட்டுக்குள் இருக்கட்டும். தண்ணீரும் தீனியும் அலகுக்கு எட்டினால் போதும்.

உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருந்தால் சீழ்ப்புண். வாலைத் தாழ்த்தி முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.

விடாமல் முட்டையிடும் கோழி என்றால் எனக்கு முதல் சந்தேகம் சுண்ணாம்புச்சத்துதான். ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. தீனியில் அது இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அரிசியும் மிச்சச் சோறும் இதை ஈடுகட்டாது. மூடுபனி மாதங்களில் வெயில் படாமல் வைட்டமின் டி-யும் குறையும். கிளிஞ்சல் தூளோ, வறுத்துப் பொடித்த முட்டை ஓடோ வையுங்கள். வெயில் எட்டிப் பார்த்தால் கோழியை வெளியே தூக்கி வையுங்கள், காசில்லாத மருந்து.

இளங்கோழி ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மேரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. பச்சையாகக் கழிந்து கழுத்தும் திருகினால் வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம், வேகமாகப் பரவும். சரி, அப்போது கைவைத்தியம் வேண்டாம், அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.